குதிருக்குள் மாணவர்கள்!

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று உளறிய பையனின் கதை எல்லோருக்கும் தெரியும். நார்வே நாட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே நிஜமாகவே குதிருக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எல்லோரும் படிக்கிற பிள்ளைகள்!

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ. நகருக்குள் ஆக்கர்செல்வா என்ற சிற்றாறு ஓடுகிறது. ஒரு காலத்தில் அதன் கரையில் வரிசையாக ஆலைகள். அங்கே 1953-ம் ஆண்டில் தானியம் கொட்டி வைக்க ஒரு ராட்சதக் குதிரைக் கட்டினார்கள். வட்ட வட்டமான கான்கிரீட் குழாய்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டி, வானத்தை முட்டி நிற்கும். காலம் மாறியது. குதிருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இடித்துத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. குழாய்களுக்குள் மாடி மாடியாகத் தளம் போட்டார்கள். சுவரை அறுத்து ஜன்னல் வைத்தார்கள். 2001-ம் ஆண்டில் அது மாணவர் விடுதி ஆயிற்று. மொத்தம் 226 குடியிருப்புகள்!

"படிக்கப் போன பிள்ளையைத் தானியம் கொட்டும் இடத்திலா தங்க வைப்பது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் செய்தது சரியே.

கனத்த சுவர்

குதிரில் கொட்டிய தானியம் கீழே மட்டும் அழுத்தாது. பக்கச் சுவரையும் தள்ளும். அதற்காகவே சுவரை வட்டமாக, கம்பி வைத்துக் கனமாகக் கட்டுகிறார்கள். மலை மலையாகத் தானியத்தைத் தாங்கிய சுவர் மாணவர்களைத் தாங்காதா? அதை இடிக்கவும் பணம் வேண்டும். இடித்தபின் புதிதாகக் கட்ட மறுபடியும் சிமெண்டு வேண்டும். சிமெண்டு செய்யும்போது கரியமில வாயு ஏராளமாக வெளியேறுகிறது.

இதில் கேவலமும் இல்லை. அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் ஓட்ஸ் கம்பெனி ஒன்று 1932-ல் கட்டிய 36 குதிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் 120 அடி உயரம், 24 அடி அகலம். 1980-ல் அவற்றை ஓட்டல் ஆக்கினார்கள். பணம் கொடுத்து வந்து படுத்தார்கள்! 2007-ல் பல்கலைக்கழகம் அதை வாங்கி, மாணவர்களைத் தங்க வைத்தது.

வட்ட அறையில் தொல்லை உண்டு. பீரோ சுவரோடு ஒட்டாது. கட்டிலுக்குப் பின்னால் சந்து விழும். துடைப்பம் சாத்த ஒரு மூலை கிடையாது! இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தொல்லை.

ஜன்னல் எங்கே?

சிரிக்க முடியாத தொல்லை வேறு. தானியத்துக்கு இருட்டு நல்லது. மனிதனுக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும். கனத்த சுவரை அறுக்கச் செலவு அதிகம். எங்கே அறுக்கலாம், எவ்வளவு அறுக்கலாம் என்று என்ஜினீயர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி, ஒரு சாண் ஜன்னலோடு நிறுத்தினால் அது விடுதி அல்ல, சிறை.

பழைய ஆலைகளில் கல்நார்த் தகடு இருக்கும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். இவற்றை அகற்றிய பிறகே பாய் விரிக்க வேண்டும். தீப்பிடித்தால் இறங்கி ஓட இரண்டாவது படிக்கட்டும் வேண்டும். "வாடகை குறைவுதானே, பொறுத்துக்கொள்" என்று இந்த இடத்தில் யாரும் சொல்லக்கூடாது.

பிள்ளையை இப்படி ஒரு விடுதியில் சேர்க்கப் போகிற பெற்றோர், கட்டடத்தின் அழகை வெளியே நின்று பார்த்தால் போதாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் படித்துப் பார்க்கட்டும். எழுத்து தெரிந்தால் முன்பணம் கட்டலாம்.