உருவும் இயக்கமும்

கண்ணுக்கு இனிய உருவம் ஒன்றே ஒரு பொருளுக்குப் பெருமை தருவதன்று. அகத்தே இயங்கும் ஆற்றலும் உடன் அமைந்தாலன்றி அப்பெருமை நிறைவுறாது. இவ்வுண்மையைப் பெரிய நூல்களில் மட்டுமன்றி, கையில் அடங்கும் சிறு புகைவண்டிப் பொறியிலும் கற்கலாம்.

இங்கிலாந்தில் ராண்ட்ஸ் என்னும் ஊரில் பொம்மைகள் செய்துவந்த நிறுவனம் ஒன்று, 1959ஆம் ஆண்டில் ‘கிட்மாஸ்டர்’ என்னும் பெயரால் பிளாஸ்டிக் புகைவண்டி உருவங்களை விற்கத் தொடங்கியது. வாங்குவோர் உறுப்புகளைப் பசையிட்டு ஒட்டி உருவாக்குதல் வேண்டும். பெரும்பாலும் உண்மை வண்டியின் 76இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அவ்வுருவங்கள் அழகில் குறைவுடையன அல்ல. ஆயினும், அவற்றின் அகத்தே விசை இல்லை. கையால் தள்ளினாலன்றி அவை நகரமாட்டா. அவற்றை ஓடச்செய்ய விரும்பிய பலர், மின்மோட்டாரைத் தாமே பொருத்தலாயினர்.

அப்பணி எளிதன்று. மோட்டார் நிமிடத்திற்கு 8,000 முறை சுழல்வதாகவும், சக்கரத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். இரண்டையும் நேரே இணைத்தால், கணக்கின்படி வண்டி வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் பாய்தல் வேண்டும். மேசைமேல் அமைந்த பாதைக்கு அவ்வேகம் பொருந்துமா? அன்றியும், அங்ஙனம் பாய்வதற்கு வேண்டிய இழுவிசை அச்சிறு மோட்டாருக்கு இல்லை. ஆதலின், மோட்டாரின் தண்டில் திருகு போன்ற பல்லுருளையையும், சக்கரத்தின் இருசில் 40 பற்களையுடைய பற்சக்கரத்தையும் பொருத்துவர். மோட்டார் 40 முறை சுழன்றால் இருசு ஒருமுறை சுழலும். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 21 சென்டிமீட்டராகக் குறையும், வலிமையோ பெருகும்.

இன்னும் இடர்கள் உள. பிளாஸ்டிக் சக்கரம் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகச் சக்கரங்கள் வேண்டும். மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, மோட்டாரைச் சுழற்றி, மற்றொன்றின் வழியே மீளும். இரு தண்டவாளங்களும் இருசின் வழியே நேரே இணைந்துவிடாதவாறு, ஒரு பக்கச் சக்கரங்களையேனும் மின்கடத்தாப் பொருளால் பிரித்துவைத்தல் வேண்டும். சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகளுக்குரிய முளைகள், ஒரு பக்கத்திற்கும் மறு பக்கத்திற்கும் 90 பாகை வேறுபட்டு நிற்றல் வேண்டும். ஓர் இருசில் இவ்வளவு சிறிது பிழைத்தாலும் பொறி தடுமாறும். எல்லாம் பொருந்திய பின்னும், எடை போதாதாயின் சக்கரம் சுழலும், வண்டி நகராது. அதற்காக உள்ளே ஈயத் துண்டுகளை வைப்பர்.

“ஓடும் பொறியையே கடையில் வாங்கலாமே, இத்துணை உழைப்பு வீணன்றோ?” எனச் சிலர் வினவுவர். ஓட்டம் ஒன்றே பயன் என்பார்க்கு அவ்வினா தக்கதே. ஆனால், வாங்கியவன் பெறுவது ஒரு வண்டி. பொருத்தியவன் பெறுவது வண்டியும் அறிவும். விகிதமும், மின்னோட்டமும், உராய்வும் ஏட்டில் எழுத்தாக நிற்பவை. அவன் விரல்நுனியில் அவை அனுபவமாகின்றன. தான் செய்த பிழையைத் தானே தேடிக் காணும் பொறுமையும் அவனுக்கு வாய்க்கின்றது. வாங்கிய பொறி நின்றுவிட்டால், வாங்கியவன் அதனை மூலையில் எறிந்துவிடக்கூடும். பொருத்தியவனோ பழுதைக் கண்டு களைவான்.

பொருள்கள் மலிந்த இக்காலத்தில் எதனையும் வாங்குதல் எளிது. எதனையும் அறிந்து ஆளுதல் அரிது. கல்வியும் அத்தகையதே. மனப்பாடம் செய்த செய்திகள் வெறும் உருவம். அவற்றைச் செயலில் செலுத்தும் திறனே அகத்து விசை. பிறர் தள்ள நகரும் வண்டியாக நில்லாமல், தம்முள் எழும் ஆற்றலால் இயங்குதலே மாணவர்க்கு அழகு.