எண் இறங்கினால் நோய் போய்விட்டதா?

புக்கிட் செலம்பாவ் பக்கம் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் மாமா, போன தீபாவளிக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். பி.எஸ்.ஏ. 86-இலிருந்து 0.4-க்கு இறங்கியிருந்தது. "சீக்கு போயிருச்சு தம்பி, இனிமே ஊசி எதுக்கு லா?" புரோஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போட்டுவந்த ஹார்மோன் ஊசியை அதற்குள் நிறுத்தியும்விட்டார்.

அந்த எண் எதைக் காட்டுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பி.எஸ்.ஏ. என்பது கே.எல்.கே.3 என்னும் மரபணு செய்யும் புரதம். அந்த மரபணுவை முடுக்கிவிடுவது, ஆண் ஹார்மோனை உணரும் ஆண்ட்ரோஜன் ஏற்பி. அந்த ஹார்மோன் வராதவரை ஏற்பி துணைப் புரதங்களின் பிடியில் சும்மா கிடக்கும். வந்து ஒட்டிக்கொண்டதும் பிடி விட்டு, செல்லின் உட்கருவுக்குள் போய், இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் தனக்கான இடங்களில் உட்காரும். ஃபாக்ஸ்-ஏ1 என்ற புரதம் முன்னதாகவே சென்று, இறுக்கிச் சுற்றிய இழையைத் தளர்த்தி வைத்திருக்கும். அப்புறம் வளர்ச்சிக்கான மரபணுக்களும் கே.எல்.கே.3-உம் விழித்துக்கொள்கின்றன. ஊசி அடக்குவது அந்த ஹார்மோனைத்தான். ஆகவே 0.4 என்றால், பெரும்பாலும் ஏற்பி வாயடைத்திருக்கிறது என்றுதான் பொருள். புற்றுச் செல்கள் எல்லாம் செத்துவிட்டன என்பதற்கு அது சாட்சி ஆகாது.

மாமாவுக்கு இது விளங்காத விஷயமே அல்ல. பால்மரப் பட்டையில் எத்தெபோன் என்ற மருந்தைப் பூசினால் அதிலிருந்து எத்திலீன் கிளம்பும். எத்திலீன் மரத்தின் சொந்த ஹார்மோன். அது கிடைத்தால் பால் சீக்கிரம் உறையாமல் நெடுநேரம் வடியும். மருந்து நின்றால் பால் குறையும், மரம் சாகாது. இதை அவர் கையாலேயே செய்து பார்த்தவர்.

ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பியின் தந்திரம் பிறகுதான் புரிந்தது. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு (பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு பெருமை!) கண்டது இது: இந்தப் புற்றுகள் பலவற்றில், 21-ஆம் குரோமோசோமில் ஏற்பிக்குக் கட்டுப்பட்ட டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற மரபணுவின் முகப்பு, ஈ.ஆர்.ஜி. என்ற வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஏற்பி தன் பழைய சுவிட்சைத்தான் தட்டுகிறது. எரிவதோ அடுத்த வீட்டு விளக்கு.

ஊசி பல மாதங்களோ வருடங்களோ பலித்தபின் நோய் திரும்புவதும் பெரும்பாலும் ஏற்பியைச் சுற்றித்தான். சில செல்கள் ஏற்பி மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கி, மிச்சமிருக்கும் துளி ஹார்மோனையும் உணர்கின்றன. சிலவற்றில் ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத ஏ.ஆர்.-வி7 என்ற குட்டை ஏற்பி உருவாகிறது. என்சலுட்டமைடு போன்ற மாத்திரை பிடிப்பதே அந்தப் பகுதியைத்தான். பிடிக்க இடமில்லாத குட்டை ஏற்பி அதற்கு வசப்படுவதில்லை.

மருத்துவரே கண்காணித்து ஊசிக்கு இடைவெளி விடும் முறையும் உண்டு. அது வேறு. நம் ஆட்கள் நிறுத்துவது வேறு காரணத்துக்கு. 'ஹார்மோன்' என்றதும் ஆண்மை நினைவுக்கு வருகிறது, வெட்கம் வருகிறது, எண் இறங்கியதும் சாக்கும் கிடைத்துவிடுகிறது. முதல் ஊசிக்கு முன்பே, மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழில் பத்து நிமிடம் பேசியிருந்தால் மாமா நிறுத்தியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

அடுத்த பரிசோதனையில் எண் 31. ஊசி திரும்பத் தொடங்கிவிட்டது. அத்தை தேதிகளை நாட்காட்டியில் அமாவாசைக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்கிறார். குட்டை ஏற்பியைப் பற்றிச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மருந்தே தடவாம பால் வடியற மரம்னு சொல்றியா?"