சோப்பு டப்பாவும் நான் போட்ட டிக்கெட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரல. ஆபீசுல ஆணி அதிகம். வந்ததும் வராததுமா சோப்பு டப்பாவைப் பத்தி எழுதறானே, சரக்கு தீர்ந்துபோச்சு போலன்னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கலாம். ஆனா மூணு வாரமா இது உள்ளே அரிச்சுக்கிட்டே இருக்கு. கொட்டித் தீர்த்தாத்தான் தூக்கம் வரும்.

எங்க ஆபீஸ், ஓ.எம்.ஆர்ல வரிசையா நிக்கிற கண்ணாடிக் கட்டடங்கள்ல ஒண்ணு. எங்க தளத்துல 300 பேர் பொட்டி தட்டறோம். ரெஸ்ட் ரூம் சுவத்துல பிளாஸ்டிக் டப்பா மாட்டியிருக்கும். அமுக்கினா கையில சோப்பு விழும். ஒருநாள் மத்தியானம் சாம்பார் சாதத்தை முடிச்சுட்டுப் போய்க் கை கழுவினேன். கழுவின பிறகுதான் கை நாறுது! ஊறப்போட்ட துணியை ரெண்டு நாள் மறந்துட்டா பக்கெட்ல இருந்து ஒரு வாடை வருமே, அதே வாடை.

பொறுப்பான ஊழியனா சீட்டுக்கு வந்து ஹெல்ப் டெஸ்க்ல ஒரு டிக்கெட் போட்டேன். "சோப்பில் துர்நாற்றம் வீசுகிறது. ஹவுஸ்கீப்பிங் சரியாகப் பராமரிப்பதில்லை." அந்த ரெண்டாவது வாக்கியத்தைக் கவனிங்க. அதை எழுதச் சொல்லி யாரும் கேக்கல. பிழையைச் சொல்றதோட நிக்காம, காரணத்தையும் தானே யூகிச்சு எழுதி அனுப்பற டெஸ்டரைப் பார்த்தா எனக்கு எவ்வளவு கோபம் வரும்னு என் டீம்ல கேட்டுப் பாருங்க. அதே வேலையைத்தான் நானும் செஞ்சிருக்கேன்.

நாலு மணி நேரத்துல டிக்கெட்டை மூடிட்டாங்க. "சம்பந்தப்பட்ட பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது." ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்தாக்கூட இந்த வேகத்துல யாரும் வேலை பார்த்ததில்ல.

அந்த நடவடிக்கை என்னன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. எங்க தளத்துல வேலை செய்யற அக்கா கண்ணகி நகர்ல இருந்து ஷேர் ஆட்டோ பிடிச்சு, நாங்க எல்லாம் படுக்கையில புரண்டுக்கிட்டு இருக்கிற நேரத்துக்கு வந்து மாப் போடறவங்க. அவங்களுக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சுட்டாராம் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர். பான்ட்ரி பக்கத்துல இன்னொரு அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் காபி மெஷினை அமுக்கிக்கிட்டே கேட்டேன், என்னக்கா ஆச்சுன்னு.

"நான் இன்னா சார் பண்றது? மாசத்துக்கு மூணு கேன்தான் குடுக்குறாங்க. பத்தாந் தேதியில இருந்தே தண்ணி கலக்கணும். கலக்கலன்னா இருபதாந் தேதி டப்பா காலியா கெடக்கும். அதுக்கும் என்னத்தான் கேப்பாங்க."

டிக்கெட் போட்டவன் நான்தான்னு அன்னிக்கு நான் சொல்லல.

சீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. ஒரு அமுக்குக்குத் தோராயமா 1 மில்லி. 300 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவைன்னு வெச்சா 1,200 மில்லி. மாசம் 22 வேலை நாள்னா 26 லிட்டரும் கொஞ்சமும். கொடுக்கிறது 5 லிட்டர் கேன் மூணு, அதாவது 15 லிட்டர். மிச்சம் 11 லிட்டர் எங்கே இருந்து வரும்? குழாய்ல இருந்துதான். நம்ம ஆளுங்க ஒரு தடவை அமுக்கிட்டு நிறுத்தற ரகமும் இல்ல, அது வேற கதை. ஆக, தண்ணி கலக்கறது அந்த அக்காவோட அலட்சியம் இல்ல. கொள்முதல் பண்ணும்போதே கேன் கணக்கோட சேர்த்து அனுப்பின உத்தரவு அது, எழுத்துல மட்டும் இல்ல.

தண்ணி கலந்தா என்ன, கொஞ்சம் நீர்த்துப் போகும் அவ்வளவுதானே, சோப்புல கிருமி எப்படி வாழும்னு எங்க டேமேஜர் கேட்டார். நானும் அப்படி நினைச்சவன்தான். சோப்பு கிருமியைக் 'கொல்லுது'ன்னு நம்ம மண்டையில பதிஞ்சு கிடக்கு. சாதாரண கை கழுவும் சோப்போட பிரதான வேலை, தோல்ல ஒட்டியிருக்கிற அழுக்கையும் எண்ணெயையும் பிரிச்சு எடுத்துத் தண்ணியோட ஓட விடறது. அந்தத் திரவம் கெட்டுப் போகாம இருக்கணும்னு தயாரிக்கிறவங்க அளவா பதப்பொருள் சேர்த்திருப்பாங்க. சரிபாதி தண்ணி ஊத்தினா பதப்பொருளும் சரிபாதி. குழாய்த் தண்ணியில வந்த கிருமிக்கு அதுக்கப்புறம் தடுப்பு ஏது? சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, செரேஷியான்னு ஒரு கூட்டம் இருக்கு. சோப்புத் தண்ணிக்கெல்லாம் அசராத பசங்க.

கெட்டியா இருந்தா நல்ல சோப்புன்னு நினைக்கிறதும் பெரும்பாலும் ஏமாத்துதான். இந்த மாதிரி திரவங்களைப் பல சமயம் சாதாரண உப்புப் போட்டே கெட்டியாக்கறாங்க.

தண்ணி கூட ரெண்டாம் பட்சம். முதல் குற்றவாளி நாம தினம் பண்ற 'டாப் அப்'. டப்பாவுல கால்வாசி இருக்கும்போதே மேல ஊத்தி நிரப்பறது. அப்படிப் பண்ணா அந்த டப்பா ஒருநாளும் காலியாகறதே இல்ல. போன மாச சோப்பு, போன வருஷ சோப்பு, மாட்டின அன்னிக்கு ஊத்தின சோப்புன்னு எல்லாத்தோட மிச்சமும் அடியில உக்காந்திருக்கும். ஒரு தடவை கூட ரீஸ்டார்ட் பண்ணாத சர்வர் மாதிரி. ஓடுதே, ஏன் தொடணும்னு விட்டு வெச்சிருப்போம்.

இது நானா கண்டுபிடிச்சதில்ல. அமெரிக்காவோட சி.டி.சி. 2002-ல் வெளியிட்ட ஆஸ்பத்திரிகளுக்கான கை சுத்த வழிகாட்டியிலயே, பாதி காலியான டப்பாவுல சோப்பைச் சேர்க்காதே, கிருமி சேரும்னு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அதையே சொல்லுது. அமெரிக்கப் பொது இடங்கள்ல ஊத்தி நிரப்பற டப்பாக்களைச் சோதிச்சப்ப நாலுல ஒண்ணு கெட்டுப்போயிருந்ததா 2011-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. அதே வருஷம் வந்த இன்னொண்ணு இன்னும் மோசம். ஒரு ஆரம்பப் பள்ளியில இருந்த 14 டப்பாவும் கெட்டுப்போயிருந்துச்சு. அதுல கை கழுவின பிறகு, பிள்ளைங்க, டீச்சருங்க கையில ஒரு வகைக் கிருமி 26 மடங்கு கூடியிருந்துச்சாம். குறையல, கூடியிருந்துச்சு!

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன், இல்லேன்னா நீங்களே கும்மி அடிப்பீங்க. அந்தப் பள்ளிக்கூட ஆய்வுல பங்கெடுத்தவங்கள்ல சீல் வெச்ச சோப்புப் பை தயாரிக்கிற கம்பெனிக்காரங்களும் உண்டு. அவங்க சரக்கு விக்கணும்ல. அதுக்காகத் தூக்கிப் போடவும் முடியாது. 2000-ல் பிரான்ஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில செரேஷியா தொற்று, கெட்டுப்போன திரவ சோப்பு வழியா பரவினது பதிவாகியிருக்கு. அதை எழுதினவங்க டாக்டருங்க.

ஆரோக்கியமா இருக்கிற நமக்கு இதனால பெருசா ஒண்ணும் ஆகாது, ஒத்துக்கறேன். ஆனா எங்க தளத்துல கீமோ முடிஞ்சு வேலைக்குத் திரும்பின ஒருத்தர் இருக்கார். டாக்டர் சொன்னாங்கன்னு மணிக்கொரு தடவை போய்க் கை கழுவிட்டு வருவார், அதே டப்பாவுல. அவரை நினைச்சாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது.

"எங்க வீட்ல எங்கம்மா ஷாம்பு பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கறதில்லையா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"னு ஒரு நண்பன் மடக்கினான். எங்கம்மாவும் அதைச் செய்யறவங்கதான். அந்தச் சிக்கனத்துலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன், அதை நக்கலடிக்க மாட்டேன். ஆனா கவனி ராசா, அம்மா தண்ணி ஊத்தறது பாட்டில் தீரப் போற கடைசிக் கட்டத்துல. ரெண்டு குளியல்ல காலி, பாட்டில் குப்பைக்கு. தண்ணி கலந்த பாட்டில் மேலேயே புது ஷாம்புவை ஊத்தி மூணு வருஷம் ஓட்டினா அதுக்குப் பேர் சிக்கனமா?

சரி, கழுவினா தீர்ந்ததான்னா, அங்கேதான் எனக்கே நெஞ்சு அடைச்சுது. டப்பாவோட உட்சுவர்ல கிருமிங்க சேர்ந்து ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கும். வாரக்கணக்கா தண்ணி மாத்தாத பூ ஜாடிக்குள்ள விரலை விட்டுப் பார்த்திருக்கீங்களா, அந்த வழவழப்பு. 2012-ல் வந்த ஒரு ஆய்வுல, இந்த மாதிரி டப்பாக்களை 0.5 சதவீத ப்ளீச் கரைசல்ல 10 நிமிஷம் ஊற வெச்சுப் பார்த்திருக்காங்க. 7 முதல் 14 நாளைக்குள்ள பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு. பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா என்கிற வித்தியாசமே இல்ல. அதாவது, படலம் கட்டின பிறகு 'ஒரு நாள் டீப் கிளீனிங்' பண்ணி போட்டோ பிடிச்சு மெயில் போடறது வெறும் சடங்கு. படலம் கட்டறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு தடவை காலியாகும்போதும் கழுவி, காய வைக்கணும். காய வைக்கிறதுதான் முக்கியம். ஈரம் இருந்தா அதுங்களுக்கு அதுவே வீடு.

காய வைக்கணும்னா அது வரைக்கும் சுவத்துல என்ன மாட்டறது? அதுக்குத்தான் ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொரு உள்தொட்டி வேணும். ஒண்ணு மாட்டியிருக்கும்போது இன்னொண்ணு காயும். இல்லேன்னா பம்ப் முனையோட சேர்ந்தே வர்ற சீல் வெச்ச பைக்கு மாறணும். பழைய டப்பாவைக் கழட்டிக் கடாசிட்டு, முதல் நாள்ல இருந்து புதுசா ஆரம்பிக்கணும். இதுல எதுவுமே தொடைக்கிற அக்கா கையில இல்ல. காசோலையில கையெழுத்துப் போடற கையில இருக்கு.

நம்ம அட்மின் என்ன செஞ்சாங்க தெரியுமா? நாத்தம்னு இன்னும் ரெண்டு புகார் வந்ததும் கை நீட்டினாத் தானா ஊத்தற சென்சார் டப்பா வாங்கி மாட்டிட்டாங்க! டப்பாவுக்கு நாலு பேட்டரி. மேல மூடியைத் திறந்து அதே கேன்ல இருந்து அதே தண்ணி கலந்த சோப்பை ஊத்தறாங்க. கூடுதலா, நீர்த்த சோப்பு முனையில சொட்டிச் சொட்டி மேடை பூரா வழுக்குது. அதைத் தொடைக்கிற வேலையும் யாருக்குன்னு சொல்லணுமா? அந்த டப்பா விலைக்கு ஒரு வருஷத்துக் கேன் வாங்கியிருக்கலாம். கண்ணாடி ஓரத்துல 2020-ல் ஒட்டின கை கழுவும் படம் இன்னும் இருக்கு. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டுன்னு படம் படமா. டப்பாவைக் கழுவறது எப்படின்னு ஒரு படமும் இல்ல.

நான் சும்மா இருக்கல. பழைய டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, 26 லிட்டர் கணக்கைப் போட்டு, என் ரெண்டாவது வாக்கியம் தப்பு, அதை வெச்சுப் பிடிச்ச சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு எழுதினேன். "அது வெண்டரின் உள்விவகாரம்" என்று பதில். புகார் மட்டும் உள்விவகாரம் இல்லையாம், அதைக் கம்பி நீட்டாம உடனே அனுப்பினாங்க. மேல ஒரு படி ஏத்தினேன். ரெண்டு வாரம் இழுத்தாங்க. கேன் மூணு அஞ்சாச்சு. உள்தொட்டிக்கு 'பரிசீலனை'. சம்பளத்தைப் பத்தி மூச்சு இல்ல. அந்த டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கு, தினம் காலையில வந்ததும் அதுல ஒரு வரி சேர்க்கறேன்.

போன வெள்ளிக்கிழமை அக்காகிட்ட சொல்லிட்டேன், அந்த டிக்கெட்டைப் போட்டது நான்தான்க்கான்னு.

"தெரியும் சார். சூப்பர்வைசர் காட்டுன பேப்பர்ல உங்க பேரு இருந்துச்சு."

ஒரு நிமிஷம் மாப்பைப் பிழிஞ்சாங்க.

"அந்த எக்ஸ்ட்ரா டப்பா எப்ப சார் வரும்?"

பி.கு.: வீட்டுல பம்ப் பாட்டில் வெச்சிருக்கிறவங்களுக்கு. தீரத் தீர ஊத்தாதீங்க. முழுசா தீர்ந்ததும் வெந்நீர்ல கழுவி, அதே வெந்நீரைப் பம்ப் வழியா ஒரு பதினஞ்சு தடவை அடிச்சு, கவுத்துக் காய வெச்சுட்டு நிரப்புங்க. நுரை வர்ற பம்ப்னா உள்ளே சல்லடை இருக்கும், கெட்டி சோப்பு ஊத்தினா அடைச்சுக்கும். அதுக்குத் தண்ணி கலந்தே ஆகணும், ஆறின கொதிநீர் ஊத்தி ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்க. ப்ளீச் போட்டுக் கழுவறதா இருந்தா பக்கத்துல பாத்ரூம் ஆசிட் இருக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். இதெல்லாம் தொல்லைன்னா கட்டி சோப்பு வாங்கி, தண்ணி வடியற டப்பாவுல வைங்க. கிருமி தடவின கட்டி சோப்புல கழுவினாலும் கைக்குத் தொத்தலன்னு 1988-லயே ஆய்வு வந்திருக்கு. அதை எழுதினவங்க யாருன்னா... சோப்புக் கம்பெனிக்காரங்கதான், ஹி ஹி.