பாலாற்றுத் தண்ணீரும் பளபளக்கும் காரும்

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு வாடகைக் கார் ஓட்டும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். வண்டி பழையது, வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. வண்டி அழுக்காக இருந்தால் சவாரி அடுத்த காருக்குப் போய் விடுகிறது. சுத்தமாக வைத்துக் கொள்ளலாம் என்று கடைக்குப் போனால் ஷாம்பு, வாக்ஸ், பாலிஷ், டயருக்கு ஒரு புட்டி, டாஷ்போர்டுக்கு ஒரு புட்டி, வாசனைக்கு ஒரு புட்டி என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்துப் பயமுறுத்துகிறார்களாம். இதில் எது அவசியம், எது வீண் செலவு என்று கேட்கிறார். இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: காரைக் கழுவித் துடைத்த அரை மணியில் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி பூத்து விடுகிறதே, எந்த ஷாம்பு போட்டால் அது வராது?

எந்த ஷாம்பு போட்டாலும் வரும், ஐயா! அது ஷாம்பு செய்கிற வேலை அல்ல. தண்ணீர் செய்கிற வேலை.

வேலூரைப் பற்றி ஊரார் பரிகாசமாக ஒரு பட்டியல் சொல்வதுண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று அது போகும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்து விட்டார். பாலாற்றிலும் 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டது. ஆனால் பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரின் கதை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் ஷாப்புகளில் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிட ஆரம்பிக்கும்போது அதை முதலில் ஊற வைத்துக் கழுவுவார்கள். அந்த உப்பு பல ஆண்டுகள் ஓடையிலும் ஏரியிலும் கலந்து கிணறுகளில் இறங்கியது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மறுபடியும் 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்று அதே கோர்ட் உத்தரவிட்டது. நிலத்தை இழந்த குடியானவரின் கஷ்டத்துக்கு முன்னால் கார்ப் புள்ளி எம்மாத்திரம்! ஆனாலும் இரண்டும் ஒரே உப்புத்தான்.

குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பும் தாதுக்களும் கரைந்திருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை சகித்துக் கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்தப் பக்கத்துப் போர்வெல்கள் பல அதையும் தாண்டி விடும். 2,000 என்று வைத்துக் கொண்டாலே, காரின் மேல் அரை லிட்டர் தண்ணீர் காய்ந்தால் 1 கிராம் தூள் அங்கேயே நின்று விடுகிறது. உப்பு மட்டும் என்றால் ஈரத் துணியில் போய் விடும், சுண்ணாம்பு போகாது. வெயிலில் வேகவேகப் பெயிண்டின் மேல்பூச்சையே அது கடித்து விடும். உப்போ சும்மா இருப்பதில்லை. கதவின் அடி மடிப்பிலும் சக்கர வளைவிலும் தங்கித் துருப் பிடிக்க வைக்கும்.

ஆகவே முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். இது காசில்லாத வைத்தியம். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் அது வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துக் காருக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் மெச்சத்தக்கதுதான். ஆனால் அந்தத் தண்ணீரில்தானே மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் இருக்கிறது? அதைச் சக்கரத்துச் சேறு கழுவவும் வாசல் தெளிக்கவும் வைத்துக் கொள்ளுங்கள். கார் உடம்புக்குக் கடைசியாக ஊற்றும் தண்ணீர் அதுவாக இருக்க வேண்டாம். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட உத்தமம் இல்லை. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தக் குழாயில் ஒரு டிரம்மைக் காட்டி வைத்தால் சில வாரங்களுக்குக் கவலையில்லை. காவிரிக் குடிதண்ணீரைக் கொண்டு கார் கழுவுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது வரும் நாளில் அம்மாக்கள் குடங்களோடு நிற்பதைப் பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். போர்வெல் தண்ணீர்தான் கதி என்றால் விடியற்காலையில், ஏழு மணிக்குள், நிழலில் கழுவுங்கள். ஒரு கதவைக் கழுவினால் உடனே அதைத் துடைத்து விட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போக வேண்டும். காயவே விடக்கூடாது.

ஏற்கெனவே விழுந்துள்ள புள்ளிகளுக்கு மளிகைக் கடையில் விற்கும் வெள்ளை வினிகர் போதும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, வண்டி சூடில்லாமல் இருக்கும்போது, ஓரத்தில் ஓரிடத்தில் பரீட்சை பார்த்துவிட்டுத் துணியில் நனைத்து ஒற்றி, ஒரு நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் அலம்பிவிடுங்கள். இதற்கென்று தனிப் புட்டி வாங்க வேண்டியதில்லை.

இனி ஷாம்பு. துணி சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். அதன் காரம் மெழுகைத் தின்று ரப்பரையும் வறட்டி விடும். பாத்திரம் தேய்க்கும் திரவம் அவசரத்துக்குப் பாதகமில்லை. வாரா வாரம் போட்டால் வாக்ஸ் நிற்காது. கார் ஷாம்பு என்று எழுதி, காரமோ புளிப்போ இல்லாதது என்று குறித்திருக்கும் எந்தச் சாதாரணப் புட்டியும் போதும். ஒரு வாளிக்கு ஒன்றிரண்டு மூடிக்கு மேல் தேவைப்படாது. நுரை அதிகம் வந்தால் சுத்தம் அதிகம் என்று நினைப்பது நம்மவர்களுக்கு ஒரு பிரமை. பழைய டிரைவர்கள் வாளியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். பளபளக்கும், வாஸ்தவம். அந்தப் பளபளப்பு எண்ணெய்ப் படலம். சாயங்காலத்துக்குள் சாலைப் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக் கொள்ளும்.

பணத்தைத் துணியில் போடுங்கள். காரின் மேல் தெரிகிற மெல்லிய வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை அழுக்குத் துணியின் கைவண்ணம். மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் எங்காவது ஒரு தையல் முடிச்சு, ஒரு மணல் இருக்கும். மைக்ரோஃபைபர் துணி நான்கு வாங்கி, உடம்புக்கு இரண்டு, கண்ணாடிக்கு ஒன்று, உள்ளே ஒன்று என்று பிரித்து வையுங்கள். வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வாளியும் இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துடைத்த துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். இரண்டாவது வாளியின் அடியில் படியும் மண்ணைப் பார்த்தால் நான் ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும்.

ஈரம் துடைக்க ‘ஷாமாய்’ என்று மெல்லிய தோல் விற்கிறது. இப்போது மஞ்சளாக, பஞ்சு போல டப்பாவில் அடைத்து வருவது பெரும்பாலும் செயற்கைச் சரக்கு. அசல் ஷாமாய் ஆட்டுத் தோலின் உட்பக்கத்தை மீன் எண்ணெயில் பதனிட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் பக்கத்துத் தோலிலிருந்து குணத்தில் வேறுபட்டது. தண்ணீரை அப்படியே குடிக்கும். துணி சோப்புத்தூள் போட்டுக் கசக்கினால் எண்ணெய் போய் அப்பளமாக விறைத்து விடும். எதை வாங்கினாலும் சரி, கீழே விழுந்தால் அலசாமல் மறுபடி எடுத்துக் காரில் வைக்காதீர்கள்.

வாக்ஸ் வேறு, பாலிஷ் வேறு. பாலிஷ் தேய்க்கிற சரக்கு; கீறலைக் குறைக்கும், கூடவே மேல்பூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதைத் தொட வேண்டாம். வாக்ஸ் காப்பு. பிரேஸில் நாட்டுப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு கலந்தது ஒரு சின்ன டப்பா வாங்கினால் பல தடவை வரும். மெல்லியதாகத் தடவினால் தண்ணீர் முத்து முத்தாக ஓடிவிடும். துடைப்பது சுலபமாகும், புள்ளியும் குறையும். டயர் பளபளப்பும் டாஷ்போர்டு பளபளப்பும் இல்லாமலே கார் பேஷாக ஓடும். டாஷ்போர்டில் போட்டால் முன்கண்ணாடியில் வெயில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவும் செய்யும்.

தோல் ஊரில் சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? இங்கே பாதிப் பேர் வீட்டில் ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர். ஆளுக்கொரு யோசனை சொல்வார். தேங்காய் எண்ணெய் தடவு என்பார் ஒருவர், ஷூ பாலிஷ் போடு என்பார் இன்னொருவர். ஷூ பாலிஷ் போட்ட சீட்டில் வெள்ளை வேஷ்டிக்காரர் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும்! கார் சீட்டுத் தோலுக்கு மேலே நிறப்பூச்சும் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கின்றன. எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே நின்று பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். உங்களுடையது தோலே அல்லாமலும் இருக்கலாம். உறையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: நெய்த துணி தெரிந்தால் ரெக்ஸின், நார் நாராக, மெல்லிய முடி போலத் தெரிந்தால் தோல். எதுவானாலும் ஷாம்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். துணி சீட்டில் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் கசிந்துவிட்டதா? தேய்க்காதீர்கள். காகிதத்தால் ஒற்றியெடுத்து, முகப்பவுடர் தூவி எண்ணெயை இழுக்க விட்டு, பிறகு பாத்திரத் திரவம் ஒரு சொட்டுப் போட்டுத் துடையுங்கள்.

எழுதிய நேயருக்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. உங்கள் சவாரிகள் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்குகிற நோயாளிகள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொண்டவர்களில் பலருக்கு வாசனை சற்றுத் தூக்கலாக இருந்தாலே குமட்டும். எனவே அந்த வாசனைப் புட்டியை வாங்காதீர்கள்; தொங்குவதையும் கழற்றி விடுங்கள். யாராவது வாந்தி எடுத்துவிட்டால், கையுறை போட்டுக் கொண்டு அள்ளி, ஷாம்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் இழுத்த பின் ஆப்பச் சோடாவைத் தாராளமாகத் தூவி இரவெல்லாம் விட்டு, காலையில் தட்டிப் பெருக்கி எடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது; அதிலிருந்து கிளம்பும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். வினிகர் போட்ட இடத்தில் ப்ளீச் படவே வேண்டாம்.

ஷாம்பு ஒன்று, துணி நான்கு, வாக்ஸ் ஒரு டப்பா, வினிகர், ஆப்பச் சோடா. ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்து விடும். கையில் அவ்வளவு இல்லையென்றால் இந்த மாதம் துணியும் ஷாம்பும். வாக்ஸ் அடுத்த மாதம். மழைக்கு முன்னால் வாங்கி விடுங்கள்.