நம் பள்ளிக்கு எந்தப் பைனாகுலர் வேண்டும்?



முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நம் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு 8000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பறவை பார்க்க பைனாகுலர் வாங்கலாம் என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. பத்தாம் வகுப்பு அண்ணன்மார், "20 மடங்கு பெரிசாக் காட்டுறத வாங்கணும்" என்கிறார்கள். எட்டாம் வகுப்பில், "400 ரூபாய்ல 20 வாங்கினா எல்லாருக்கும் கிடைக்கும்ல" என்கிறார்கள். என் கருத்து இரண்டுமே இல்லை. 8 மடங்கு காட்டுகிற நல்லது ஒன்றே ஒன்று போதும். ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் கதை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது திருவிழாக் கடையில் அப்பாவிடம் அழுது அடம்பிடித்து ஒரு பைனாகுலர் வாங்கினேன். கண்ணாடி சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. மேலே 100 மடங்கு என்று எழுதியிருந்தது. உப்பளத்துக் கரையில் நின்று பார்த்தால் ஒரு கொக்கு இரண்டு கொக்காகத் தெரிந்தது! கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் திருகு கழன்று போச்சு. அதைப்போல 20 வாங்கினால் நமக்கு 20 தலைவலிதான் மிஞ்சும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நல்ல பைனாகுலரில் 8x42 என்று இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 400 மீட்டர் தூரத்தில் நிற்கிற பறவை 50 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லி மீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மில்லி மீட்டர் அகலமான ஒளி வட்டம் நம் கண்ணுக்கு வருகிறது. அண்ணன்மார் கேட்கிற 20x50-ல் 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 தான். பறவைகள் நன்றாக மேய்வது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். அந்த மங்கல் வெளிச்சத்தில் 20x50 இருட்டாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பறவையை 20 மடங்கு பெரிதாக்கினால் நம் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும். முக்காலி இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது. பார்வை விழுகிற இடமும் சின்னதாகிவிடும். பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். நம் ஊர் உப்பளத்தில் ஒன்பது மணிக்கு மேல் கானல் அடிக்கும். அப்போது அதிக மடங்குள்ளதை வைத்துப் பார்த்தால் கானல்தான் பெரிதாகத் தெரியும்.

என் தாத்தா சங்கு குளித்தவர். நம் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்குகுளிப்புதான். அவரிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். "கலங்கின தண்ணில கண்ணாடி பெரிசா இருந்து என்ன செய்ய? மொகத்துக்குப் பொருந்தணும், தண்ணி உள்ள வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். பைனாகுலருக்கும் அது அப்படியே பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

முகத்துக்குப் பொருந்துவது எப்படி? சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு. சில பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் அந்த அளவுக்கு வராது. அதனால் வாங்கப் போகும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டவர்களையும் மறக்கக் கூடாது. கண் வைக்கிற ரப்பர் வளையம் மடங்கவோ, கீழே இறங்கவோ வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் சின்ன வட்டமாகத் தெரியும்.

தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதும் நமக்கு ரொம்ப முக்கியம். நம் ஊர்க் காற்றே உப்புக் காற்று. உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்பி அடைத்தவை உண்டு. அவற்றில் ஈரம் புகாது, உள்ளே ஆவி படியாது. அப்படி நம் பணத்துக்குள் கிடைப்பதை எடுக்கலாம். சிவப்பாக மினுங்குகிற கண்ணாடியும், 'பத்து முதல் முப்பது வரை' என்று மடங்கை மாற்றுகிற வகையும் வேண்டவே வேண்டாம்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கினா எங்களுக்கு எப்படி வரும்?" என்று எட்டாம் வகுப்பு கேட்பது நியாயம்தான். அதற்குப் பதிவேடு போடலாம். வகுப்புக்கு ஒரு நாள். வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், பார்த்த பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். பத்திரமாக வைத்தால் நல்ல பைனாகுலர் பல வருஷம் உழைக்கும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் அது இருக்கும்.

ஒருவர் என்னிடம், "பொம்பளப் பிள்ளைக கையில குடுத்தா கீழ போட்டு உடைச்சிருவீக" என்றார். நான் தினமும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தண்ணீர்க் குடம் தூக்குகிறேன். இதுவரை ஒன்றையும் போட்டதில்லை. பைனாகுலருக்கு வார் இருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் யார் கையிலிருந்தும் விழாது. எனவே பதிவேட்டில் ஆண், பெண் என்று பிரிக்காமல் வரிசைப்படி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். போன ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு சார் உப்பளப் பக்கம் வந்தார். இந்தக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கிறது. அவர் வைத்திருந்தது 8x42. ஆளுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார். பூநாரை தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மேய்வதையும், அதன் அலகு நுனி கறுப்பாக இருப்பதையும் அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் எலி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது கொசு உள்ளான். இருபது முப்பது கிராம்தான் எடை. அது வட துருவத்துப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் ஊர் வருகிறதாம். கோடியக்கரை போன்ற இடங்களில் பறவைகளின் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். நல்ல பைனாகுலர் இருந்தால் அந்த வளையம் நம் கண்ணிலும் படலாம்.

அளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவும் வந்து பார்த்தாள். இருபது வருஷமாக அவள் உப்பு வாருகிற பாத்திக்குப் பக்கத்தில்தான் அந்தப் பறவைகள் நிற்கின்றன. உப்பின் வெள்ளை வெயிலில் அடித்து அவளுக்குக் கண் கூசும், அடிக்கடி நீர் வடியும். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதோட கண்ணு மஞ்சளாவா இருக்கு?" என்று கேட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை! நான் பார்க்காததை அவள் பார்த்துவிட்டாள்.

அதனால் கடைசியாக ஒரு கோரிக்கை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரை ஆசிரியர் துணையோடு உப்பளத்துக்குக் கொண்டு போக அனுமதி தர வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களும் பார்க்கட்டும். எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்று நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். அவர்கள் சொல்வதையும் பதிவேட்டில் எழுதுவோம்.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாதவை:

1. சூரியனைப் பைனாகுலரில் ஒருபோதும் பார்க்கக் கூடாது. கண் போய்விடும்.
2. கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதித் தட்ட வேண்டும். பாவாடை, துப்பட்டா, சட்டையால் துடைத்தால் கீறல் விழும்.
3. கடற்கரைக்குப் போய் வந்தால் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும்.
4. செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, டப்பாவில் போட்டு மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.
5. கூடு கட்டிய பறவைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. தூர நின்று பார்க்கத்தானே இதை வாங்குகிறோம்!

என் கருத்தில் தவறு இருந்தால் அடுத்த மாத இதழில் எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி