'சூப்பர்டா தம்பி' போதுமா?

ராத்திரி 11 மணி. அனிமேஷன் படிக்கும் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட், மொத்தமே 40 செகண்ட். ஒரு அம்மா அடிபம்பில் தண்ணீர் பிடித்து, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். பாதித் தூக்கத்தில் பார்த்துவிட்டு 'சூப்பர்டா தம்பி' என்று ஒரு ஃபயர் எமோஜியும் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலேஜில் ரிவ்யூ. எல்லோர் முன்னிலையிலும் அவனுக்குக் கிடைத்தது ஒரே வரி. "உயிரே இல்ல, திரும்பப் பண்ணு."

இரண்டு நாள் அவன் லேப்டாப்பையே திறக்கவில்லை. "கோர்ஸை விட்டுட்டு மொபைல் கடைக்கு வேலைக்குப் போறேங்கிறான்மா. நீ கொஞ்சம் பேசேன்" என்று சித்தி போன் செய்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் 'சூப்பர்', அந்த 'உயிரே இல்ல' இரண்டும் ஒன்றுதான். எதை மாற்ற வேண்டும் என்று இரண்டுமே அவனுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், சித்தியையும் பக்கத்தில் உட்காரவைத்து வீடியோவைப் போட்டோம். இரண்டு தடவை பார்த்த சித்தி கேட்டார்: "ஏன்டா, குடத்துல தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா."

"அப்புறம் எப்படி இவ்ளோ லேசா தூக்குறா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 12 லிட்டர் குடம் என்றால் தண்ணீரே 12 கிலோ. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அவன் குடத்தை 8 ஃபிரேமில், அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்கில் தூக்கியிருந்தான். சித்தியை நிஜக் குடத்தைத் தூக்கச் சொல்லி மொபைலில் எடுத்தான். தூக்கும் முன் ஒரு மூச்சு, வளையும் முதுகு, பேலன்ஸுக்கு விலகும் இன்னொரு கை, அலம்பிச் சிந்தும் தண்ணீர். படத்தில் இது எதுவுமே இல்லை.

நல்லவேளை, ஃபைனல் ரெண்டர் போடவில்லை. 40 செகண்டுக்கு 960 ஃபிரேம். ஃபிரேமுக்கு 5 நிமிடம் என்றாலே 80 மணி நேரம்! அதனால்தான் முடிந்த பிறகு சொல்வதைவிட, ஸ்டோரிபோர்டு நிலையிலேயே கருத்துச் சொல்வது பெரிய உதவி.

பிக்ஸார் ஸ்டுடியோவில் 'பிரெய்ன்ட்ரஸ்ட்' என்றொரு கூட்டம் உண்டு. பாதி முடிந்த படத்தைப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சக இயக்குநர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். ஆனால், அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இயக்குநருக்கு இல்லை. குறையைச் சொல்வது அவர்கள் வேலை, தீர்வு அவர் கையில்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒன்றைக் காட்டினால், இதை முயன்று பாருங்கள்.

* முதலில் "உனக்கு எந்த இடத்துல சந்தேகம்?" என்று கேளுங்கள்.
* உங்களுக்குப் புரிந்த கதையைச் சொல்லுங்கள். அவர்கள் நினைத்தது வந்ததா என்று அதிலேயே தெரிந்துவிடும்.
* இடறிய இடத்தை, எத்தனையாவது செகண்ட் என்று சொல்லுங்கள்.
* நன்றாக இருந்ததையும் அதேபோலக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.
* தயவுசெய்து 'பாகுபலி'யோடு ஒப்பிடாதீர்கள்!

நேற்று புது வெர்ஷன் வந்தது. இந்த முறை எமோஜி போடவில்லை. "குடத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி அவ நிக்கிற அந்த ஒரு நொடி நல்லாருக்கு. 31-வது செகண்டுல கால் தரையில வழுக்குதுடா" என்று அனுப்பினேன்.

"ஆமாக்கா, இப்பவே சரி பண்றேன்" என்று பதில் வந்தது. மணி ராத்திரி பதினொன்றரை.