குழாயில் மோட்டார் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

மட்டாஞ்சேரி, ஃபோர்ட்கொச்சி பகுதிகளில் வாடகை லைன் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் நூல் போல வந்தால் அரை எச்.பி. மோட்டார் ஒன்றை வாங்கி, வாட்டர் அதாரிட்டி குழாயோடு நேராக இணைத்துவிடுவது. நாலு நாள் தண்ணீர் கொட்டும். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரும் மோட்டார் வைப்பார். பிறகு இருவருக்கும் இல்லை. உடனே முன்னவர் கடைக்குப் போய் ஒரு எச்.பி. மோட்டார் என்ன விலை என்று கேட்கிறார்!

மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருப்பதைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். மேற்குக் கொச்சிக்கான குடிநீர் பிறவத்தை அடுத்த பாழூரில் மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, மரடு நிலையத்தில் சுத்தம் செய்யப்பட்டு வருகிறது. வழியிலுள்ள ஊர்களெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் கடைக்கோடியில் இருக்கும் நமக்கு. 2023 தொடக்கத்தில் பாழூர் பம்பு நிலையத்தின் மூன்று மோட்டார்களில் இரண்டு பழுதாகி, மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நம் வீட்டு மோட்டார்கள் காற்றைத்தான் இழுத்தன.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. பிளாட்பாரத்தில் வண்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் கடைசிப் பெட்டிக்குச் சொட்டுத்தான் கிடைக்கும். அந்தக் கடைசிப் பெட்டிதான் மட்டாஞ்சேரி.

மூணாறு, வண்டிப்பெரியாறு லயங்களில் பிறந்து வளர்ந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள், "எங்கள் மலையில் மோட்டார் வைத்துத்தானே மேட்டு வீட்டுக்கு ஏற்றுகிறோம்?" என்று கேட்பதுண்டு. அங்கே கதை வேறு. மலையில் குறை உயரத்தால் வருவது. 10 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கீழ்வீட்டுக் குழாயில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும்; 10 மீட்டர் மேலே வீடு இருந்தால் மோட்டார் அந்த ஒரு கிலோவைக் கூடுதலாகத் தள்ளியாக வேண்டும். அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளத்து ஊற்றிலிருந்து நீரை உறிஞ்சும் உயரம், கடல் மட்டத்திலேயே கணக்குப்படி 10 மீட்டர்தான். நடைமுறையில் ஏழு கிடைத்தால் அதிர்ஷ்டம். மூணாறு 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைந்து, இதிலும் ஒன்றரை மீட்டர் போய்விடும். ஆகையால் மலைவீட்டில் மோட்டார் இழுக்காவிட்டால் பெரியது வாங்குவதை விட்டு, இருப்பதையே ஊற்றுக்கருகே இறக்கி வைக்க வேண்டும். மேலே தள்ளுவது அதற்குச் சுலபம், கீழிருந்து இழுப்பதுதான் கஷ்டம். ஆனால் ஊற்றில் நீர் இருக்கிறது. நம் தெருக்குழாயில்தான் இல்லை.

எது குறை என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். மோட்டாருக்கு முன்னால் குழாயைத் திறந்து 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நிறைய ஐந்து நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 2 லிட்டர்தான் வருகிறது. எந்தக் கம்பெனி மோட்டாரும் அதை 20 ஆக்காது. வாளி சீக்கிரம் நிறைந்தும் மாடிக்கு ஏறவில்லையென்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். இணைப்பில் காற்றுப் புகுகிறதா, வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, மாலையில் வோல்டேஜ் குறைகிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இங்கே பல வீட்டு இணைப்புக் குழாய்கள் சாக்கடை வழியாகவே போகின்றன. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியே நல்ல நீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது அது தலைகீழாகிறது; வெளியே இருப்பது உள்ளே வருகிறது. அது உங்கள் குடத்தில் மட்டுமல்ல, மோட்டார் இல்லாத அடுத்த வீட்டுக் குழந்தையின் டம்ளரிலும் விழும். மஞ்சள் காமாலைக்கு மருந்து கேட்டு அலைகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

"எல்லோரும் வைத்திருக்கும்போது நான் மட்டும் கழற்றினால் என் பெண்டாட்டி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குடம் வைக்க வேண்டுமே?" நியாயமான கேள்வி. தனியாகக் கழற்றுகிறவன் ஏமாளிதான். ஆகவே ஒரு லைனில் உள்ள அத்தனை பேரும் பேசி, ஒரே நாளில் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். நாலு வீடு சேர்ந்து ஒரு 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைத் தரை மட்டத்தில் வைக்கலாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வந்தால்கூட எட்டு மணி நேரத்தில் 480 லிட்டர், நீங்கள் தூங்கும்போதே நிறைந்துவிடும். தொட்டிக்கு மிதவை வால்வு போட்டு, அதிலிருந்து மோட்டாரை ஓட்டுங்கள். அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஊரில் செய்வது போலப் பள்ளம் தோண்டித் தொட்டி கட்டிவிடாதீர்கள். இங்கே கொஞ்சம் தோண்டினாலே உப்புநீர் ஊறும். விரிசல் விழுந்தால் குடிநீரும் உப்பாகிவிடும்.

வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பது அடுத்த சிக்கல். வாடகையைக் கூட்டத் தெரிந்தவருக்குத் தொட்டி வைக்க இடம் கேட்டால் காது கேட்காது. நாலு குடும்பமும் ஒன்றாகப் போய்க் கேட்டால் கொஞ்சம் கேட்கும்.

வாட்டர் அதாரிட்டிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயில் நேராக மோட்டார் வைப்பது விதிக்கு விரோதம், சரி. சோதனைக்கு வரும் அதிகாரிகள் லைன் வீட்டு அரை எச்.பி.யைப் பறிமுதல் செய்வதற்கு முன், அதே குழாயில் தண்ணீர் எடுக்கும் லாட்ஜுகளையும் ஹோட்டல்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரட்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்பதை மலையாளத்தோடு தமிழிலும் எழுதி ஒட்டினால், பாதிப் பேர் மோட்டார் வாங்கவே மாட்டார்கள்.